என் பொண்ண ரிஜெக்ட் பண்ணுங்க!

கம்பெனி கேட்டில் கட்டியிருக்கும் பேனரைக் கழற்றச் சொல்ல வேண்டும். ஆனால் என்ன காரணம் சொல்வது? மருதாசலத்துக்கு அதுதான் பிடிபடவில்லை.

பத்தடிக்கு எட்டடி பேனர். ‘லிதுவேனியா நாட்டுக்கு உயர்கல்வி கற்கச் செல்லும் எங்கள் ஜெயபாரதியை வாழ்த்துகிறோம்.’ ஜெயபாரதி ஒரு மூலையில் தபால்தலை அளவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். நடுவில் கையைக் கட்டிக்கொண்டு ஆளுயரத்துக்கு நின்றது அவளைப் பெற்ற மருதாசலம்தான். முதலாளி சிவபிரகாஷ் போட்டோ கேட்டபோது மகள் படம் ஒன்றும் தன் படம் நான்கும் அனுப்பியிருந்தார். யாரைக் குறை சொல்ல?

பேனர் கட்டியது திங்கட்கிழமை. மகளை அனுப்பக் கூடாது என்று அவர் முடிவு செய்தது செவ்வாய்க்கிழமை.

திருப்பூர் வீரபாண்டியில் உள்ள அந்தப் பனியன் கம்பெனியில் மருதாசலம் இருபத்திரண்டு வருடமாகச் செக்கிங் இன்சார்ஜ். தைத்து வரும் துணியை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எல்லாவற்றையும் கண்டுபிடிப்பது வேலை. அதை அவர் கம்பெனியோடு விட்டுவிட்டு வருவதில்லை. வீட்டிலும் செக்கிங்தான். ஜெயபாரதி வெளியே கிளம்பினால் வாசலில் நிறுத்தி, தோள் தையலை இழுத்துப் பார்த்து, தொங்கும் நூலைக் கத்தரித்து, ஸ்கூட்டி டயரை அமுக்கிப் பார்த்து, கூடப் போகும் தோழியின் அப்பாவுக்குப் போன் போட்ட பிறகுதான் ‘பாஸ்’ கொடுப்பார்.

அந்தப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்ததே அவர்தான். பெயர் மெரிக்ரெஸ்ட். பொங்கலூர் தாண்டித் தென்னந்தோப்புகளுக்கு நடுவே கண்ணாடிக் கட்டடம். வண்டியில் நாற்பது நிமிடம். தினமும் காலையில் தானே கொண்டுபோய் விட்டு, மாலையில் தானே கூட்டிவர மூன்று வருடத்துக்கும் மனதுக்குள் டைம்டேபிள் போட்டு வைத்திருந்தார்.

வந்த கடிதம் டைம்டேபிளைக் கலைத்துவிட்டது. ‘பி.பி.ஏ. படிப்பில் இடம் உறுதி. முதல் செமஸ்டர் லிதுவேனியாவில் உள்ள எங்கள் கூட்டுக் கல்லூரியில். பிறகு பொங்கலூர் வளாகத்தில்.’

ஆனாலும் திங்கட்கிழமை காலையில் அந்தக் கடிதத்தோடு செக்கிங் டேபிளில் அவர் அடித்த பேச்சு கொஞ்சமல்ல.

“நம்ம டேபிள்ல பாஸான பீஸ் எங்க போவுது?” என்று நாகஜோதியைக் கேட்டார். நாகஜோதி தேனிப் பக்கத்திலிருந்து வந்து எட்டு வருடமாக அவரிடம் செக்கிங் பார்ப்பவள்.

“கப்பல்ல போவுதுண்ணே.”

“ஃபெயிலான பீஸு?”

“இங்கயே, காதர்பேட்டைக் கடைக்கு.”

“அவ்வளவுதான். காலேஜும் அதே கதைதான். நெம்ப நல்ல பீஸாப் பார்த்துப் பொறுக்கி வெளிநாட்டுக்கு அனுப்பறாங்க. மீதியை இங்கயே வெச்சுக்கறாங்க. நம்ம பாப்பா எக்ஸ்போர்ட் குவாலிட்டி!”

டேபிளே கை தட்டியது. திருப்பூரில் இதற்கு மேல் ஒரு பெண்ணைப் புகழ முடியாது. மதியத்துக்குள் செய்தி முதலாளிக்குப் போய், மாலைக்குள் பேனர் வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போனில் லிதுவேனியா எவ்வளவு தூரம் என்று பார்த்தார். ஆறாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். அந்த நாட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் முன்பு ஒரு தடவை நாலாயிரம் குழந்தை ஜட்டி அங்கே போனது மட்டும்தான். அந்த ஜட்டியைக் கூட இரண்டு தடவை செக் செய்துதான் அனுப்பினார். இப்போது பெண்ணையே அனுப்ப வேண்டும். அங்கே தோள் தையலை யார் இழுத்துப் பார்ப்பார்கள்?

“என்னுங்க, கண்ணுல தண்ணி?” என்றாள் பழனியம்மாள்.

“வெங்காயம்.”

“நான் இன்னும் அரியவே இல்லீங்களே.”

விஷயத்தைச் சொன்னார். பழனியம்மாள் எதையும் சுற்றி வளைக்கத் தெரியாதவள். “அப்ப அனுப்பலைன்னு சொல்லிப் போடுங்க. தீர்ந்துச்சு.”

“பேனரு? மொதலாளி சொந்தபந்தம், ஒறம்பரை பூராத்துக்கும் சொல்லிட்டாரு. நானா வேண்டாம்னா, ‘பொண்ண உட்டு இருக்க முடியாம அழுவறான்’னு சிரிப்பாங்க.”

“அழுவத்தானே செய்யறீங்க?”

“அது நமக்குள்ள. இங்க பாரு பழனியம்மா, காலேஜ்காரங்களே லிதுவேனியா வேண்டாம்னுட்டா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. ரிஜெக்ட் ஆகாத ஷிப்மெண்ட் எந்தக் கம்பெனில இருக்குது? நாலு நாள்ல மறந்துருவாங்க. புள்ளையும் பொங்கலூர்லயே படிச்சுக்கும்.”

ஜெயபாரதியைக் கூப்பிட்டார். “கண்ணு, மறைக்காம சொல்லு. உனக்குப் போகோணும்னு ஆசை இருக்குதா?”

“நீங்க சொல்றதுதானுங்ப்பா. வேண்டாம்னா வேண்டாம்.” போனிலிருந்து தலையைக் கூட நிமிர்த்தவில்லை.

எப்பேர்ப்பட்ட பெண்! மருதாசலத்துக்கு மறுபடியும் வெங்காயம் அரிந்தது.

மறுநாள் பல்கலைக்கழக அட்மிஷன் அதிகாரி தீனதயாளனுக்குப் போன் போட்டார்.

“சார், யாருக்கு எந்த வளாகம்ங்கற பிளேஸ்மெண்ட்டை பேரன்ட்ஸ் மாத்த முடியாது” என்றார் தீனதயாளன். “ஸ்டூடண்ட்டோட புரொஃபைலைப் பார்த்து கமிட்டிதான் முடிவு பண்ணும்.”

“புரொஃபைல்னா என்னுங்க?”

“மார்க், திறமை, பழக்கவழக்கம்… மொத்தத்துல குவாலிட்டி சார்.”

அந்த ஒரு சொல் போதும். லிதுவேனியாவைப் பற்றித் தெரியாமலிருக்கலாம்; குவாலிட்டியைப் பற்றி மருதாசலத்துக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பீஸில் குறை இருக்கிறது என்று காட்டினால் ஏற்றுமதி நிற்கும். அவ்வளவுதானே?

கம்பெனியிலிருந்து ஒரு செக்கிங் ஷீட்டை எடுத்து வந்தார். மேஜர் டிஃபெக்ட், மைனர் டிஃபெக்ட் என்று கட்டம் போட்ட தாள். ‘ஸ்டைல் நம்பர்’ என்று இருந்த இடத்தில் ஜெயபாரதி என்று எழுதினார். பேனாவை வாங்கிக்கொண்டு அவளே பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“மேஜர்ல என்ன போடலாம் கண்ணு?”

“கணக்கு வீக்குங்ப்பா.”

“தொண்ணூத்தி ஒண்ணு எடுத்தியே?”

“அது பரீட்சைக்கு. உள்ளுக்குள்ள வீக்குதானுங்.”

“செரி, மைனர்ல?”

“காலைல எந்திரிக்க மாட்டேன். பல்லிக்குப் பயம். இங்கிலீஷ் பேசச் சொன்னா திக்கும்.”

“உனக்குத் திக்காதே சாமி?”

“திக்க வெச்சுக்கலாங்ப்பா. எழுதட்டுங்களா?”

மொத்தம் பதினேழு குறை. மருதாசலம் தாளைத் தூரப் பிடித்துப் பார்த்தார். இருபத்திரண்டு வருட சர்வீஸில் இவ்வளவு டிஃபெக்ட் உள்ள பீஸை அவர் கண்டதில்லை. அதுவும் சொந்தத் தயாரிப்பில்.

பொங்கலூர் ஆபீசில் தீனதயாளன் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

“சார், எல்லா பேரன்ட்ஸும் ‘என் பையன் விஞ்ஞானி, என் பொண்ணு கலெக்டர்’னுதான் வருவாங்க. இவ்வளவு ஓப்பனா யாரும் எழுதிக் கொடுத்ததே இல்லை. இதை கமிட்டியில வெச்சா பிளேஸ்மெண்ட்டை பாதிக்கும். பரவால்லைங்களா?”

“நல்லாப் பாதிக்கட்டுங்க!” என்றார் மருதாசலம் கும்பிட்டபடி.

மூன்று நாளில் பாதித்தது. திருத்தப்பட்ட கடிதம் வந்தது: லிதுவேனியாவில் இரண்டு செமஸ்டர்.

“பதினேழு கொறை சொன்னேன் நாகஜோதி! டபுளாக்கிட்டாங்க!”

நாகஜோதி கையில் இருந்த டீ-ஷர்ட்டை மடித்து வைத்தாள். “எண்ணே, போன வருசம் துணி வாங்க வந்த அந்த டென்மார்க் பையருக்கிட்ட, காலர்ல சாயம் எறங்குதுன்னு நீங்களே முந்திக்கிட்டுச் சொன்னீகல்ல?”

“ஆமா.”

“அவரு கோவிச்சாரா? ‘ஹானஸ்ட் சப்ளையர்’னு அடுத்த ஆர்டரை டபுளாத்தானே குடுத்தாரு?”

மருதாசலம் நெற்றியில் அடித்துக்கொண்டார். நேர்மை இப்படிக் காலை வாரும் என்று அவர் நினைக்கவில்லை. வெளியே வந்து பார்த்தால், சிவபிரகாஷ் ஸ்டூல் போட்டு ஆளை ஏற்றி, பேனரில் ‘ஒரு வருடம்!’ என்று ஸ்டிக்கர் ஒட்ட வைத்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்ண்ணா, சந்தோசந்தானுங்களே?” என்று மேலே கை காட்டினார் முதலாளி.

“நெம்ப சந்தோசமுங்க” என்றார் மருதாசலம். பேனரில் இருந்த மருதாசலம் உண்மையாகவே சந்தோஷமாகத்தான் இருந்தார்.

அடுத்த வழி தானாகவே வந்தது. புதிய மாணவர்கள் எல்லோரும் வீட்டிலிருந்தே ஆன்லைனில் ஒரு தேர்வு எழுத வேண்டும். ஐம்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நாலு விடை. ஒன்றைத் தொட வேண்டும்.

“வாயால கொறை சொன்னாத்தானே நேர்மைங்கறாங்க? மார்க்கே வரலைன்னா?” என்றார். “கண்ணு, எல்லாத்தையும் தப்பாவே போட்டுரோணும். அப்பாவுக்காக.”

ஜெயபாரதி தரையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினாள். “மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்குதுங்ப்பா. ஆனா உங்களுக்காகச் செய்யறேன்.”

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குத் தேர்வு. லேப்டாப் கேமராவில் வேறு யாரும் தெரியக் கூடாது என்பதால் மருதாசலம் டைனிங் டேபிளுக்கு அடியில் உட்கார்ந்தார். தவறிப்போய் மகள் எதையாவது சரியாகப் போட்டுவிடக் கூடாதே! அவள் ஒவ்வொரு கேள்வியையும் முணுமுணுத்துப் படித்தாள்.

“ஒரு டீ-ஷர்ட்டுக்கு இருநூறு கிராம் நூல்னா, ஆயிரத்து இருநூறு டீ-ஷர்ட்டுக்கு எத்தனை கிலோ…”

டேபிளுக்கு அடியில் இருந்தவரால் அதைத் தாங்க முடியவில்லை. “இருநூத்தி நாப்பது! வேஸ்டேஜ் தனி!”

“அப்பா, அது சரியான விடைங்!”

“ஐயோ, மாத்திப் போடு சாமி, மாத்திப் போடு!” எழுந்த வேகத்தில் டேபிளின் அடிப்பலகை மண்டையில் மோதியது. பழனியம்மாள் குனிந்து பார்த்து, “அடங்கி உக்காருங்க, பரீட்சை நடக்குதில்ல?” என்று அதட்டினாள்.

ஐம்பதுக்கு மூன்று மார்க் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு தொட்டிருந்தாலே பன்னிரண்டு கிடைத்திருக்கும். இவ்வளவு பாடுபட்டுத் தப்பாக எழுதிய மகளின் கீழ்ப்படிதலை நினைத்து மருதாசலம் மண்டையையும் தடவிக்கொண்டார், மூக்கையும் உறிஞ்சிக்கொண்டார்.

புதன்கிழமை கடிதம் வந்தது. நாலு செமஸ்டர்.

அன்று அவர் சாப்பிடவில்லை. யோசித்து யோசித்து அவருக்குத் தெரிந்த வழியிலேயே ஒரு காரணம் கண்டுபிடித்தார். ஒரு பீஸில் கறை இருந்தால் அது கறை. லாட் முழுக்க ஒரே இடத்தில் கறை இருந்தால் பையர் அதைப் பிரிண்ட் என்று நினைத்துவிடுவான். நாற்பத்தேழு கேள்வியை அடுக்காகத் தப்பாக எழுதினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? ‘இந்தப் பெண்ணிடம் ஏதோ டிசைன் இருக்கிறது’ என்று கமிட்டி நினைத்திருக்கும்!

பேங்க் லோன் வரவில்லை என்று சாக்குச் சொல்லலாமா என்றும் யோசித்தார். இங்கே படித்தாலும் அங்கே படித்தாலும் ஒரே ஃபீஸ்தான், லோனும் பாஸாகிவிட்டது. ஜெயபாரதியே நடையாய் நடந்து வாங்கியிருந்தாள். அந்த வழியும் அடைபட்டது.

“புள்ளையைக் கூட்டிக்கிட்டு நேர்லயே போயிரலாம்” என்றார் கடைசியில். “கமிட்டி கண்ணால பார்க்கட்டும். சாம்பிளைக் கையில பிடிச்சுப் பார்த்தாத்தான் ரிஜெக்ட் பண்ணத் தோணும்.”

வெள்ளிக்கிழமை மூவரும் கிளம்பினார்கள். கசங்கிய சுடிதார், பாதி வாரிய தலை. கையோரத் தையலில் ஒரு முழ நூல் தொங்கியது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக மருதாசலம் அந்த நூலை வெட்டாமல் விட்டார். விரல் இரண்டு தடவை கத்தரி தேடிப் போய்த் திரும்பியது.

தீனதயாளனும் இரண்டு பேராசிரியர்களும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

“வொய் டு யூ வான்ட் டு ஜாயின் அஸ், ஜெயபாரதி?”

ஜெயபாரதி நிதானமாக ஒரு கொட்டாவி விட்டாள். “அப்… அப்பா… சேரச் சொன்னாருங்.”

‘அடடா, என்னமாத் திக்குது’ என்று உள்ளுக்குள் பூரித்துப்போன மருதாசலம் எழுந்து நின்றார். “ஐயா, பார்த்துக்கங்க. இவளுக்குச் சுடுதண்ணி வெக்கத் தெரியாதுங்க. தனியா ரோட்டைத் தாண்டத் தெரியாதுங்க. ஒரு ஃபாரம் நிரப்பத் தெரியாதுங்க…”

“ஆருக்குங்க தெரியாது?” பழனியம்மாள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள். இத்தனை நாள் பொறுத்திருந்ததே பெரிது. “எனக்கு டைபாய்டு வந்தப்பப் பதினஞ்சு நாளு ஊட்டையே தூக்கி நிறுத்துனது ஆரு? பேங்க்காரன் ஏழு தடவை திருப்பி உட்டும் ஒத்தையாப் போயி லோனு வாங்கியாந்தது ஆரு? எம்புள்ளையை இப்படியா… ஆ!”

மேஜைக்கு அடியில் ஜெயபாரதியின் செருப்பு அம்மாவின் பாதத்தின் மேல் இருந்தது. “அம்மாவுக்கு… பா… பாசம் சார்” என்றாள்.

அப்பாவின் பக்கம் நிற்பதற்காகப் பெற்ற தாயின் காலையே மிதிக்கிறாளே! மருதாசலம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்தப் பிள்ளையை எப்படி அனுப்புவது?

மூன்று அதிகாரிகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். கால் மணி நேரத்தில் தீனதயாளனே கையில் தாளோடு வந்தார்.

“வாழ்த்துக்கள் சார். ஃபுல் புரோகிராம். ஆறு செமஸ்டரும் லிதுவேனியாவுலயே. பட்டமளிப்பு விழாவுக்கு மட்டும் இங்க வந்தாப் போதும்.”

கையெழுத்துப் போட அம்மாவும் மகளும் ஆபீசுக்குள் போனார்கள். பழனியம்மாள் நொண்டிக்கொண்டே போனாள். மருதாசலம் வராந்தா பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். மூன்று வருடம். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஆறு மாதத்தில் முடிந்திருக்கும்.

“என்னண்ணே, ஒரு மாதிரியா இருக்கீக? டீ சாப்பிடுங்க.”

டீத் தட்டோடு நின்றார் ஆபீஸ் உதவியாளர் ஜெயபாண்டி. சாத்தூர்ப் பக்கத்துக்காரர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. பரிவாகக் கேட்ட முதல் ஆள் அவர்தான் என்பதால் மருதாசலம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பதினேழு குறை, டேபிளுக்கு அடி, தொங்கவிட்ட நூல், எல்லாம்.

“நானும் என்னென்னமோ கொறை சொல்லிப் பார்த்துட்டனுங்க. கேக்கவே மாட்டேங்கறாங்க. நல்ல புள்ளைங்களாப் பார்த்துத்தானுங்களே வெளிநாட்டுக்கு அனுப்புவாங்க?”

ஜெயபாண்டி நீட்டிய டீ கிளாஸைத் தட்டிலேயே திரும்ப வைத்தார்.

“ஆருண்ணே இதச் சொன்னா? நல்ல மார்க்கெல்லாம் இங்கயே வெச்சுக்கிருவாக. காலேஜுக்கு ரேங்க் போட வாறவுக, வளாகத்துல உக்காந்திருக்க புள்ளைக மார்க்கத்தானே கூட்டிப் பாப்பாக? மார்க் கொறைஞ்சதுகள எல்லாம் அங்கிட்டுத் தள்ளிட்டா கணக்குல வராதுல்ல? கொறையக் கொறைய செமஸ்டர் கூடும். பிளஸ் டூவுல நானூத்தி எம்பது இருந்தா பொங்கலூருதான்.”

ஜெயபாரதியின் மார்க் நானூற்றி எழுபத்தொன்று. அவர்கள் வம்சத்திலேயே அதிகம். ஒன்பதே ஒன்பது மார்க்! மகளின் ஓவியப் பரிசு, கபடிக் கோப்பை, லோன் வாங்கின சாமர்த்தியம், இதில் எதையாவது எடுத்துச் சொல்லியிருந்தால் இங்கேயே இருந்திருப்பாள். பழனியம்மாள் அதைத்தானே சொல்ல எழுந்தாள்?

“அடப் பாவி!” என்று தன்னையே திட்டிக்கொண்டு எழுந்தார். “ஒரு பாவமும் அறியாத புள்ளை. அப்பன் சொன்னான்னு கண்ணைக் கசக்கிக்கிட்டுத் தப்புத் தப்பா எழுதுச்சு. அதைப் போயி மூணு வருசம் நாடு கடத்திட்டனுங்களே! பேனரு கெடக்கட்டும். இப்பவே உள்ள போயி, நான் சொன்னதெல்லாம் பொய்யின்னு கமிட்டி கால்ல உழுந்தர்றேன்.”

“இருங்கண்ணே, இருங்க. புள்ள பேரு என்ன?”

“ஜெயபாரதிங்க. வீரபாண்டி.”

ஜெயபாண்டி தட்டைப் பெஞ்சின் மேல் மெதுவாக வைத்தார்.

“அட, அந்தப் புள்ளயாண்ணே! மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல ஹெல்ப்லைன் போனை நான்தான் எடுப்பேன்; மொதக் கடுதாசி வந்த அன்னிக்கே கூப்பிட்டு, ‘ஆறு செமஸ்டரும் அங்கயே இருக்கோணும்னா எத்தனை மார்க் கொறைக்கோணுங்ண்ணா’ன்னு கேட்டு எழுதிக்கிருச்சே!”